தேய்மானத்தைத் தள்ளிப்போடும் ஒரு மணி நேரம்
மலைப்பாதைப் பயணத்திற்குப் பின் மிதிவண்டியைத் தூய்மை செய்தலும் பேணுதலும்

கணக்கேடுகளில் நாம் அடிக்கடி காணும் சொற்களுள் 'தேய்மானம்' என்பதும் ஒன்று. வாங்கிய நாள்தொட்டு ஒரு பொருளின் மதிப்பு ஆண்டுதோறும் குறைந்து வருவதைக் கணக்கர் அச்சொல்லால் குறிக்கின்றனர். பட்டறையிலோ அதே சொல் நேர்ப்பொருளில் வழங்குகிறது. இரும்பு இரும்போடு உராய்ந்து கரைவதே அங்குத் தேய்மானம். மலை மிதிவண்டி வைத்திருப்போருக்கு இவ்விரு பொருளும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. சங்கிலியும் பற்சக்கரமும் எவ்வளவு தேய்கின்றனவோ, அவ்வளவுக்கு அந்த உடைமையின் மதிப்பும் குறைகிறது.

பெங்களூருவைச் சுற்றியுள்ள காட்டுப் பாதைகள், புணேயை ஒட்டிய சகியாத்திரிச் சரிவுகள், இமாசலப் பிரதேசத்தின் ஆப்பிள் தோட்டத்து ஒற்றையடிப் பாதைகள், லடாக்கின் கற்பாலைகள் என நம் நாட்டின் பல பகுதிகளிலும் இன்று மலை மிதிவண்டிகள் ஓடுகின்றன. நல்லதொரு மலை மிதிவண்டியின் விலை ஒரு மோட்டார் சைக்கிளின் விலையை எட்டுவதும் அதைக் கடப்பதும் இப்போது புதுமையல்ல. ஆனால் மோட்டார் சைக்கிளுக்குக் காலந்தவறாது 'சர்வீஸ்' செய்பவர்கூட, மிதிவண்டியை மண்ணோடு மண்ணாகச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அடுத்த வாரம் அப்படியே எடுத்துச் செல்வதைக் காண்கிறோம். மிதிவண்டி தானே, அதற்கென்ன என்ற பழைய எண்ணமே இதற்குக் காரணம். அந்த எண்ணம் பணத்தை மட்டுமன்றிச் சில வேளைகளில் உடலையும் இடருக்கு உள்ளாக்குகிறது.

பயணம் முடிந்த அன்றே ஒரு மணி நேரம் ஒதுக்கினால் செய்துவிடக்கூடிய பணிகளையும் அவற்றின் காரணங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது. காரணம் தெரிந்து செய்யும் வேலை மறப்பதில்லை; தேவையற்ற வேலையைத் தவிர்க்கவும் அது உதவும்.

பெயரிலேயே பராமரிப்பு

மலை மிதிவண்டியின் வரலாறு 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள மரின் மாவட்டத்தில் தொடங்குகிறது. அங்குச் சில இளைஞர்கள் பழைய, கனமான, பருத்த டயர்களைக் கொண்ட மிதிவண்டிகளை மலையுச்சிக்குக் கொண்டுபோய், மண்பாதை வழியே கீழே விரைந்து இறங்கிப் பார்த்தனர். 1976-இல் அது முறையான பந்தயமாயிற்று. 3 கிலோமீட்டரைச் சற்றே கடந்த தூரத்தில் ஏறத்தாழ 400 மீட்டர் கீழிறங்கும் அப்பாதைக்கு அவர்கள் இட்ட பெயர் 'ரீபேக்'.

அப்பெயரின் காரணம் நம் பொருளுக்கு மிகவும் நெருக்கமானது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பழைய வகைப் பிரேக் அவ்வண்டிகளில் இருந்தது. ஒரு முறை இறங்கியதும் பின்சக்கரத்தின் ஹப்பினுள் இருந்த கிரீஸ் முழுவதும் சூட்டில் உருகிப் புகைந்து போய்விடும். அடுத்த இறக்கத்திற்கு முன் ஹப்பைப் பிரித்துப் புதிய கிரீஸை நிரப்பியாக வேண்டும். மீண்டும் நிரப்புதல் என்னும் அவ்வேலையே பாதைக்குப் பெயராகிவிட்டது. மலை மிதிவண்டி பிறந்த நாளிலேயே, ஓட்டுவதும் ஓட்டியபின் பேணுவதும் ஒன்றையொன்று பிரியாமல் இருந்தன என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுவதில்லை. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம்பெறும் அளவுக்கு அவ்விளையாட்டு வளர்ந்தது, பிரேக்குகளும் மாறின. மண்ணும் சூடும் நீரும் மட்டும் மாறவில்லை.

மண் செய்யும் வேலை

சேற்றைக் கழுவுவது அழகுக்காக என்று கருதுவோர் பலர். சட்டகத்தின் மேல் காய்ந்திருக்கும் மண்ணால் பெரிய தீங்கு இல்லை என்பது உண்மையே. தீங்கெல்லாம் அசையும் இடங்களில்தான் நேர்கிறது. மணலில் மிகுந்திருக்கும் குவார்ட்சு என்னும் கனிமம் சாதாரண எஃகைக் காட்டிலும் கடினமானது. அது எண்ணெயோடு கலக்கும்போது சாணை பிடிக்கும் பசையைப் போன்றதொரு கலவையாகிவிடுகிறது. பெடலை மிதிக்கும் ஒவ்வொரு சுற்றிலும் அக்கலவை சங்கிலியின் உட்பகுதியை அராவிக்கொண்டே இருக்கும்.

மிதிவண்டிச் சங்கிலியில் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு ஊசிகள் உள்ளன. அடுத்தடுத்த இரண்டு ஊசிகளுக்கு இடைப்பட்ட தூரம் 12.7 மி.மீ., அதாவது அரை அங்குலம். பற்சக்கரத்தின் பற்களும் இதே இடைவெளிக்கு ஏற்பவே வெட்டப்பட்டவை. 'சங்கிலி நீண்டுவிட்டது' என்று கடைக்காரர் சொல்லும்போது, தகடு இழுபட்டு நீண்டுவிட்டதாக நாம் எண்ணுகிறோம். தகடு நீள்வதில்லை. ஊசியும் அது சுழலும் துளையும் தேய்ந்து, ஒவ்வொரு கண்ணியிலும் மயிரிழையளவு தளர்வு சேர்கிறது. அவை யாவும் கூடிச் சங்கிலியை நீளமாக்குகின்றன. நீண்ட சங்கிலி பற்களின் அடியில் சரியாக அமராமல் மேலேறி உட்கார்ந்து, பற்களையும் தன் அளவுக்கே தேய்த்துக்கொள்கிறது. அதன்பின் புதுச் சங்கிலி மாட்டினாலும் பழைய பற்களில் அது பொருந்தாது, வழுக்கும்.

இதனை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். ஓர் எஃகு அளவுகோலை எடுத்து, ஓர் ஊசியின் நடுவிலிருந்து 24 இடைவெளிகளைக் கணக்கிட்டு அளந்தால், புதிய சங்கிலியில் 304.8 மி.மீ. இருக்கும். 11 அல்லது 12 கியர் கொண்ட பின் அடுக்குகளுக்கு, 0.5 விழுக்காடு நீண்டதும், அதாவது ஏறத்தாழ 306.3 மி.மீ. ஆனதும், சங்கிலியை மாற்றிவிட வேண்டும். 10 கியர் வரையுள்ளவற்றுக்கு 0.75 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 307.1 மி.மீ. வரை பொறுக்கலாம். ஒன்றரை மில்லிமீட்டர் வேறுபாட்டைக் கண்ணால் கணிப்பது அரிது. ஆகவே இதற்கென விற்கும் சிறு அளவுத் தகட்டை வாங்கி வைத்துக்கொள்வது நலம். உரிய காலத்தில் சங்கிலி ஒன்றை மட்டும் மாற்றுபவர், அதைப்போல் பல மடங்கு விலையுள்ள பின் பற்சக்கர அடுக்கைக் காப்பாற்றிக்கொள்கிறார்.

கழுவுவதற்கு முன்

வீடு வந்ததும் குழாயைத் திறப்பதற்கு முன், வண்டியை ஒருமுறை கண்ணாலும் கையாலும் பார்த்துவிட வேண்டும். பாதையில் எங்கே என்ன ஓசை கேட்டது, எந்தக் கியர் மாறத் தயங்கியது, எந்தப் பிரேக் இழுத்தது என்பவை அப்போதுதான் நினைவில் பசுமையாக இருக்கும். ஒரு தாளில் இரண்டு வரி குறித்துக்கொண்டால் கடைக்காரரிடம் சொல்லவும் எளிது.

நீண்ட இறக்கத்திலிருந்து வந்திருந்தால் பிரேக் டிஸ்க்குகள் தொட முடியாத சூட்டில் இருக்கும். அவை முற்றிலும் ஆறும்வரை தண்ணீர் படக்கூடாது, கையும் படக்கூடாது. சூடான மெல்லிய தகட்டின் மேல் குளிர்நீர் பட்டால் அது வளையக்கூடும்.

வேண்டிய பொருள்கள் மிகச் சில. ஒரு வாளித் தண்ணீர், மிதமான சோப்புக் கரைசல் அல்லது மிதிவண்டிக்கென விற்கும் கழுவுநீர், மென்மையான தூரிகை ஒன்று, பற்சக்கரங்களுக்கென முரட்டுத் தூரிகை ஒன்று, பழைய பல்துலக்கி, எண்ணெய்ப்பிசுக்கு நீக்கி, பழைய பருத்தித் துணிகள், சங்கிலி எண்ணெய், டிஸ்க்கைத் துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஆகியவை போதும். சங்கிலிப் பகுதியைத் தேய்த்த தூரிகையும் துணியும் மற்றப் பகுதிகளுக்குப் போகாதவாறு தனியே வைத்துக்கொள்ள வேண்டும். இது சிறிய விதிதான். ஆனால் பிரேக் கெடுவதற்குப் பெரும்பாலும் காரணமாவது இதை மீறுவதே. அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்வோர், முற்றம் இல்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. ஒரு வாளி நீரும் ஈரத்துணியும் கொண்டு பால்கனியிலேயே இவ்வேலையை முடிக்கலாம்.

கழுவும் முறை

தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும் உயரழுத்தக் குழாய்கள் கார் கழுவும் இடங்களில் உண்டு. ஐந்து நிமிடத்தில் வண்டி பளபளக்கும் என்பதால் அங்குக் கொண்டு செல்லத் தோன்றும். மிதிவண்டியில் ஹப், ஹெட்செட், பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட், பின் சஸ்பென்ஷனின் இணைப்புகள் ஆகிய அனைத்திலும் பேரிங்குகள் உள்ளன. அவற்றை மூடியிருக்கும் மெல்லிய ரப்பர் வளையங்கள் மழைத்துளியையும் சேற்றுத் தெறிப்பையும் தடுப்பதற்கானவை. உயரழுத்த நீரைத் தாங்குவதற்கானவை அல்ல. உள்ளே புகுந்த நீர் கிரீஸை வெளியேற்றிவிட்டுத் தான் தங்கிக்கொள்ளும். வெளியே பளபளப்பு, உள்ளே துரு என்பதே அதன் முடிவு. தோட்டக் குழாயின் மெல்லிய நீரோட்டமோ, குவளையால் ஊற்றும் நீரோ போதுமானது.

முதலில் வண்டி முழுவதையும் நனைத்துச் சில நிமிடங்கள் விட வேண்டும். காய்ந்த மண் ஊறி இளகும். ஊறாத மண்ணைத் துணியால் தேய்த்தால், வண்ணப்பூச்சில் கீறல்கள் விழும்.

அடுத்துச் சங்கிலிப் பகுதி. இதை முதலில் செய்வதற்குக் காரணம், இங்கிருந்து தெறிக்கும் கருப்புப் பிசுக்கைப் பின்னர் மற்றப் பகுதிகளோடு சேர்த்துக் கழுவிவிடலாம் என்பதே. எண்ணெய்ப்பிசுக்கு நீக்கியைச் சங்கிலியின் மீதும் பற்சக்கரங்களின் மீதும் தூரிகையால் தடவி, பெடலைப் பின்னோக்கிச் சுற்றியபடி தேய்க்க வேண்டும். கியர் மாற்றியிலுள்ள இரு சிறு சக்கரங்களில் மண்ணும் எண்ணெயும் கட்டியாக உறைந்திருக்கும். அதைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். பிசுக்கு நீக்கியை நேரே தெளிப்பதைவிடத் தூரிகையில் தொட்டுத் தடவுவதே பாதுகாப்பானது. தெளிக்கும்போது துளிகள் டிஸ்க்கின் மீதும் ஹப்பின் உள்ளும் சென்றுவிடும்.

பின்னர்ச் சட்டகத்தையும் சக்கரங்களையும் மேலிருந்து கீழாகச் சோப்புக் கரைசலால் கழுவ வேண்டும். இருக்கையின் அடிப்புறம், சட்டகத்தின் கீழ்ப்புறம், முன் ஃபோர்க்கின் வளைவுக்குப் பின்புறம் ஆகியவை கண்ணுக்குத் தப்பும் இடங்கள். கழுவும்போதே ஓர் ஆய்வும் நடக்கட்டும். சட்டகத்தின் பற்றவைப்பு இணைப்புகளில் மயிரிழைபோன்ற விரிசல் தெரிகிறதா, ஸ்போக்குகளுள் ஏதேனும் தளர்ந்துள்ளதா, டயரின் பக்கச் சுவரில் வெட்டு உண்டா என்று விரல் செல்லும் இடமெல்லாம் கண்ணும் செல்ல வேண்டும். வண்டியைத் துடைக்கும் கைக்கு, வண்டியை ஓட்டும் கால்களுக்குத் தெரியாத பல செய்திகள் தெரியவரும்.

உலர்த்தலும் எண்ணெயிடலும்

கழுவியபின் வண்டியை மெல்லத் தூக்கி இரண்டு மூன்று முறை தரையில் தட்டினால் தங்கிய நீர் உதிரும். பிறகு துணியால் துடைத்து, நிழலில் காற்றோட்டமான இடத்தில் உலர விட வேண்டும். சங்கிலியைத் துணிக்குள் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கிச் சுற்றினால் அதிலுள்ள ஈரம் நீங்கும். ஈரம் இருக்கும்போதே எண்ணெய் இட்டால், நீரும் உள்ளேயே அடைபட்டுவிடும்.

நீரை விரட்டித் துருவைத் தளர்த்தும் தெளிப்பான்கள் பல வீடுகளிலும் உண்டு. கதவுக் கீலுக்கு அடிப்பதையே சங்கிலிக்கும் அடிப்பது பரவலான வழக்கம். அவை மிக மெல்லியவை. நீரை அகற்ற உதவுமேயன்றி, சுமையேறிச் சுழலும் சங்கிலிக்கு நீடித்த உயவாக நிற்பதில்லை. சங்கிலிக்கென்றே தயாரிக்கும் எண்ணெய்களில் பொதுவாக இரு வகைகள் உண்டு. ஈரப்பதமான நிலத்திற்கானது கெட்டியானது. மழையில் எளிதில் கழுவப்படாது, ஆனால் தூசியை ஈர்க்கும். வறண்ட நிலத்திற்கானது மெல்லியது. தூசி ஒட்டாது, ஆனால் மழையில் விரைவில் நீங்கிவிடும். மெழுகு வகைகளும் தூசி ஒட்டாமல் காக்கும். பருவத்திற்கேற்ப வகையை மாற்றிக்கொள்வது அறிவுடைமை.

சங்கிலியின் கீழ்ப்பகுதியில், உள்முகமாக உள்ள பக்கத்தில், ஒவ்வோர் உருளைக்கும் ஒரு துளி வீதம் இட வேண்டும். பெடலைச் சில சுற்றுகள் சுற்றி எண்ணெய் உள்ளே இறங்கச் செய்து, சற்று நேரம் விட்டு, பின்னர் வெளிப்புறத்தை உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்துவிட வேண்டும். இந்தக் கடைசி வேலையைப் பலரும் விட்டுவிடுகின்றனர். எண்ணெய் பயன்படுவது ஊசிக்கும் உருளைக்கும் இடையில். வெளித்தகட்டில் வழியும் எண்ணெய் அடுத்த பயணத்தின் மண்ணைச் சேர்ப்பதற்கு மட்டுமே உதவும்.

உயிரோடு தொடர்புடைய பகுதி

சங்கிலி கெட்டால் பணம் போகும். பிரேக் கெட்டால் நேர்வது வேறு. மணாலியிலிருந்து ரோதாங் கணவாய் 51 கிலோமீட்டர். கணவாயின் உயரம் 3,978 மீட்டர். மணாலியோ ஏறத்தாழ 2,050 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஓட்டுநரும் வண்டியும் சுமையும் சேர்ந்து 90 கிலோ என்று கொள்வோம். அவ்வெடை 1,900 மீட்டர் கீழிறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 17 இலட்சம் ஜூல். 20 பாகை வெப்பமுள்ள 5 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். காற்றின் தடையும் பாதையின் உராய்வும் ஒரு பங்கை ஏற்றுக்கொள்கின்றன. எஞ்சியதனைத்தையும் இரண்டு மெல்லிய டிஸ்க்குகளும் விரல்நுனியளவுப் பேட்களுமே வெப்பமாக மாற்றி வெளியேற்ற வேண்டும். அவை எந்நிலையில் உள்ளன என்பதைப் பயணத்திற்குப் பின் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டியதன் தேவை இதனால் விளங்கும்.

பேடின் உராயும் பகுதி 0.5 மி.மீ. அளவுக்குத் தேய்ந்துவிட்டால், காலம் தாழ்த்தாது மாற்ற வேண்டும். தயாரிப்பாளர் வேறு அளவு குறித்திருப்பின் அதையே பின்பற்றுக. சேறு நிறைந்த மழைக்காலப் பாதைகளில் பேட்கள் வியக்கத்தக்க விரைவில் தேயும். காலையில் பருமனாக இருந்தது மாலையில் மெலிந்திருக்கக்கூடும். டிஸ்க்கிற்கும் குறைந்தபட்சத் தடிமன் உண்டு. அது பெரும்பாலும் தகட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

எண்ணெய்த் துளி பட்ட பேட் அந்த எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். அதன்பின் பிரேக் கிறீச்சிடும், பிடிமானம் குறையும். டிஸ்க்கை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த தூய துணியால் துடைத்துச் சீர்செய்யலாம். பேடைப் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டியிருக்கும். விரல்களிலும் எண்ணெய்ப்பசை உண்டு என்பதால் டிஸ்க்கின் முகத்தைத் தொடாதிருப்பது நன்று. சக்கரத்தைக் கழற்றி வைத்திருக்கும்போது பிரேக் நெம்பியை அழுத்தக்கூடாது. அழுத்தினால் பேட்கள் ஒன்றோடொன்று நெருங்கி, சக்கரத்தை மீண்டும் பொருத்த இயலாமற்போகும். காரில் ஏற்றிச் செல்வோர் அவ்விடைவெளியில் சிறு பிளாஸ்டிக் தகட்டைச் செருகி வைப்பது இதற்காகவே.

திரவத்தால் இயங்கும் பிரேக்குகளில் இருவகைத் திரவங்கள் பயன்படுகின்றன. சில தயாரிப்புகளில் கனிம எண்ணெயும், வேறு சிலவற்றில் டாட் எனக் குறிக்கப்படும் திரவமும் நிரப்பப்பட்டிருக்கும். ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டு, பிரேக் முழுவதும் வீணாகிவிடும். டாட் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் சேரச்சேர அதன் கொதிநிலை தாழும். நீண்ட இறக்கத்தில் திரவம் கொதித்து ஆவியாகிவிட்டால், நெம்பி கைப்பிடியைத் தொடும்வரை சென்றாலும் சக்கரம் நிற்காது. ஆகவே அத்திரவத்தை ஆண்டுக்கொருமுறையேனும் மாற்ற வேண்டும். நெம்பியை அழுத்தும்போது பஞ்சுபோல் அமிழ்ந்தால், உள்ளே காற்றோ ஈரமோ புகுந்துள்ளது என்று பொருள். அது சீராகும்வரை மலைக்குச் செல்லலாகாது.

சஸ்பென்ஷனும் டயரும்

முன் ஃபோர்க்கின் பளபளப்பான குழாய்களை ஒவ்வொரு பயணத்திற்குப் பின்னும் மென்துணியால் துடைக்க வேண்டும். அக்குழாய் மேலும் கீழும் செல்லும் வாயில் ஒரு ரப்பர் வளையம் தூசியைத் துடைத்துக்கொண்டிருக்கிறது. அங்கே மண் படிந்தே இருந்தால், அது மெல்ல உள்ளே சென்று குழாயின் மேற்பூச்சில் கோடு கிழிக்கும். அப்பூச்சு போய்விட்டால் குழாயையே மாற்ற நேரிடும். ஃபோர்க்கின் கீழ்க்கால்களில் உள்ள எண்ணெயைக் குறிப்பிட்ட மணிநேரத்திற்கு ஒருமுறை மாற்றுமாறு தயாரிப்பாளர்கள் அறிவுறுத்துகின்றனர். சிலவற்றுக்கு இது 50 மணி நேர ஓட்டமே. வாரந்தோறும் நான்கு மணி நேரம் ஓட்டுபவருக்கு மூன்று மாதங்களில் அந்தக் கணக்கு நிறைவடைந்துவிடும்.

தக்காணத்து வறண்ட பாதைகளில் வேலமுள் பெருந்தொல்லை. ட்யூப் இல்லாத டயர்களில் ஊற்றும் சீலண்ட் என்னும் பால்போன்ற திரவம் சிறு துளைகளைத் தானே அடைத்துவிடும். ஆனால் அது என்றென்றைக்கும் நீர்மமாக இருப்பதில்லை. இரண்டிலிருந்து ஆறு மாதங்களுக்குள் உலர்ந்து, டயரின் உட்புறத்தில் தோலாக ஒட்டிக்கொள்ளும். நம் நாட்டு வெயிலில் அது இன்னும் விரைவாகவே உலரும். சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்கினால் திரவம் தளும்பும் ஓசை கேட்க வேண்டும். கேட்கவில்லையெனில் மீண்டும் ஊற்றும் காலம் வந்துவிட்டது.

கழுவி முடித்தபின் முன் பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும். கைப்பிடியின் கீழே 'டக்' என்ற ஆட்டம் தெரிந்தால் ஹெட்செட் தளர்ந்துள்ளது. சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டும்போது அசைவு இருந்தால் ஹப்பைக் கவனிக்க வேண்டும். திருகாணிகளைக் கைவலிமை கொண்டு மட்டும் முறுக்குதல் தவறு. கைப்பிடியைத் தாங்கும் பகுதியில் '5 நியூட்டன் மீட்டர்' என்பதுபோல் அளவு அச்சிடப்பட்டிருக்கும்; முறுக்குவிசை காட்டும் திருகியைக் கொண்டு அவ்வளவுக்கே முறுக்க வேண்டும். கார்பன் இழையாலான பாகங்களில் இது இன்றியமையாதது. மிகையாக முறுக்கினால் அவை முன்னறிவிப்பின்றி முறியும்.

நிலத்திற்கேற்ற முறை

எல்லா நிலத்திற்கும் ஒரே முறை பொருந்தாது. லடாக்கில் தண்ணீர் அரிது. மாலையில் குளிரும் கடுமை. அங்குப் படிவது பெரும்பாலும் உலர்தூசி என்பதால், நீரின்றித் தூரிகையால் தட்டியும் துணியால் துடைத்தும் தூய்மை செய்வதே சிறந்தது. நனைத்தால் தூசி சேறாகிப் பேரிங்குகளை நாடும். இரவில் கம்பி உறைக்குள் தங்கிய நீர் உறைந்து கியர் மாறாமல் நிற்கும்.

சகியாத்திரியின் மழைக்காலச் செம்மண் இதற்கு நேர்மாறானது. களி மிகுந்த அம்மண் காய்ந்துவிட்டால் காரைபோல் இறுகிவிடும். ஆகவே ஈரம் காயும் முன்னரே, முடிந்தால் பாதை முடியும் இடத்திலேயே, ஒரு குப்பித் தண்ணீரால் சங்கிலியையும் சக்கரங்களையும் ஒருமுறை அலசிவிடுவது வீட்டு வேலையைப் பாதியாக்கும். கொங்கண, கோவாக் கடற்கரைகளில் ஓட்டுவோருக்கு உப்பே பகை. உப்புநீர் பட்ட அலுமினியமும் எஃகும் ஒட்டியிருக்கும் இடங்களில் அரிப்பு விரைவாக நிகழும். அங்கு அன்றே நன்னீரால் கழுவுதல் கட்டாயம், மறுநாளைக்குத் தள்ளக்கூடாது.

கழுவிய நீரும் ஒட்டிய விதையும்

மிதிவண்டியைத் தூய்மை செய்யும் ஆர்வத்தில் நிலத்தை அழுக்காக்கிவிடக் கூடாது. மலையோடையில் வண்டியை இறக்கிக் கழுவும் வழக்கம் சில இடங்களில் உண்டு. சங்கிலியிலிருந்து வெளியேறும் எண்ணெயும் பிசுக்கு நீக்கியும் அந்நீரைக் குடிக்கும் ஊருக்கும் உயிர்களுக்கும் கேடு செய்யும். கருப்புப் பிசுக்கை வீட்டிலும் தனிக் கலத்தில் பிடித்து, துணியால் உறிஞ்சி, குப்பையில் சேர்ப்பது முறை.

மற்றொன்றும் உண்டு. 1950-களில் புணேப் பகுதியில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்ட பார்த்தீனியம் என்னும் நச்சுக்களை, இன்று நாடெங்கும் பரவி வயல்களையும் மேய்ச்சல் நிலங்களையும் மூடியிருக்கிறது. ஒரே செடி ஆயிரக்கணக்கான நுண்விதைகளை உதிர்க்கும். அவை சேற்றோடு சேர்ந்து சக்கரங்களிலும் காலணிகளிலும் ஒட்டிப் பயணம் செய்கின்றன. ஒரு மலையின் மண்ணை அங்கேயே உதறிவிட்டு மறு மலைக்குச் செல்பவர், தம் வண்டியை மட்டுமன்றி அடுத்த காட்டையும் காத்தவராகிறார்.

கால அட்டவணை

நினைவில் நிறுத்த எளிதாகப் பணிகளைப் பின்வருமாறு தொகுத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு பயணத்திற்குப் பின்னும்: மண் நீக்கல், சங்கிலியைத் துடைத்து எண்ணெயிடல், ஃபோர்க் குழாய்களைத் துடைத்தல், பிரேக் பேடையும் டயரையும் பார்த்தல்.

மாதந்தோறும்: சங்கிலியின் நீளத்தை அளத்தல், திருகாணிகளின் இறுக்கத்தைச் சரிபார்த்தல், ஸ்போக்குகளையும் ரிம்மின் நேர்மையையும் பார்த்தல், சீலண்டைக் குலுக்கிக் கேட்டல்.

50 மணி நேர ஓட்டத்திற்குப் பின்: ஃபோர்க்கின் கீழ்க்கால் எண்ணெய் குறித்துத் தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்து ஆவன செய்தல்.

ஆண்டுதோறும், சிறப்பாக மழைக்காலம் முடிந்ததும்: பேரிங்குகளைப் பிரித்துக் கிரீஸ் இடல், பிரேக் திரவத்தையும் கியர்க் கம்பிகளையும் மாற்றுதல். இவற்றைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் ஒப்படைப்பதே சிறந்தது.

உடைமைக்கு உரிய ஏற்பாடுகள்

தூய்மை செய்த வண்டியை வெயிலும் மழையும் படாத இடத்தில் வைக்க வேண்டும். கடும் வெயில் ரப்பரையும் சீலண்டையும் விரைவில் உலர்த்திவிடும். நெடுநாள் ஓட்டாமல் வைப்பதாயின், எண்ணெயிட்டு, டயரில் காற்று நிரப்பி, தரையில் முழு எடையும் ஊன்றாதவாறு மாட்டி வைப்பது நல்லது.

வண்டியைக் கழுவும் நாளே, அதன் சட்டக எண்ணைக் குறித்துக்கொள்ளவும் ஏற்ற நாள். பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும் அவ்வெண் மண்ணில் மறைந்தே கிடக்கும். அதைப் புகைப்படமெடுத்து, வாங்கிய ரசீதோடும் பாகங்கள் மாற்றிய சீட்டுகளோடும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டி களவு போனால் காவல்துறையில் புகார் அளிக்கவும், காப்பீடு எடுத்திருந்தால் இழப்பீடு கோரவும், பிற்காலத்தில் விற்கும்போது தக்க விலை பெறவும் இந்த ஆவணங்கள் துணைசெய்யும்.

சங்கிலி, பேட், டயர், சீலண்ட் ஆகியவை தேய்வதற்கென்றே அமைந்த பாகங்கள். அவற்றின் செலவு எதிர்பாராத செலவன்று. எப்போது வரும் என்று ஓரளவு முன்கூட்டியே அறியத்தக்க செலவு. சங்கிலி எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை மாறுகிறது, பேட் எத்தனை பயணங்கள் தாங்குகிறது என்று ஓராண்டு எழுதி வைத்தால், ஆண்டுச் செலவு கைக்குக் கிட்டிவிடும். அதைப் பன்னிரண்டாகப் பகுத்து மாதந்தோறும் தொடர் வைப்பில் ஒதுக்கி வருபவர், பேட் தேய்ந்த நாளில் 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போட வேண்டியிராது. தேய்ந்த பேடோடு இறங்கும் ஓர் இறக்கம், அதுவரை மிச்சப்படுத்திய பணமனைத்தையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

தேய்மானத்தை முற்றிலும் நிறுத்த எவராலும் இயலாது. ஓடும் சக்கரம் தேயத்தான் செய்யும். ஆயினும் அது இந்த ஆண்டே வரவேண்டுமா, ஐந்தாண்டு கழித்து வரலாமா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் உரிமையாளரின் கைகளே. அடுத்த முறை மலையிலிருந்து திரும்பியதும் காலணியைக் கழற்றுவதற்கு முன் வாளியை எடுங்கள்.